மூன்று ஏக்கர் சுத்தம்

இருபத்திரண்டு வருஷம் புல் பிடுங்கினேன். அதற்குப் பிறகு பதினான்கு வருஷம் புல் வளர்த்தேன். இரண்டும் ஒரே நிலத்தில்தான். குடிபாலாவிலிருந்து வேலூர் எல்லைப் பக்கம் போகும் வழியில் ஒரு மாட்டுப் பண்ணை. அதன் ஒன்பது ஏக்கர் செம்மண்.

இப்போது எங்கள் பக்கத்தில் கடலைக் காட்டைப் புல் காடாக மாற்றுகிறவர்கள் அதிகம். மழை ஏமாற்றுகிறது. ஆள் கிடைப்பதில்லை. அதனால் எப்படிச் செய்தீர்கள் என்று என்னிடம் கேட்கிறார்கள். வாயால் சொன்னால் பாதி மறந்துபோகிறது. எழுதுகிறேன். நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். நாலு வரி எழுதினால் எழுந்து வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன். ஒரே இடத்தில் உட்கார வருவதில்லை.

என் பெயர் லேயாள். எங்கள் நைனா, அதாவது அப்பா, மிஷன் பங்களாவில் தோட்ட வேலை பார்த்தவர். சொந்த நிலம் கிடையாது. பன்னிரண்டு வயதில் அம்மாவோடு கடலைக்குக் களை எடுக்கப் போனேன். பிறகு பதினைந்தில் கல்யாணம், அடுத்த வருஷமே ஒரு மகள், கணவர் இறந்தது. எல்லாம் களைக்கும் களைக்கும் நடுவில் நடந்தது. முப்பதைத் தாண்டியதும் என்னை மேஸ்திரி ஆக்கினார்கள். அது பெரிய பதவி ஒன்றும் இல்லை. காலையில் ஆளைக் கூப்பிட வேண்டும். மாலையில் ஆளை எண்ண வேண்டும். நடுவில் எல்லோரோடும் சேர்ந்து குனிய வேண்டும். என்னோடு பன்னிரண்டு பெண்கள்.

களையை நாங்கள் களை என்று சொல்வதில்லை. "புல்லு எடுக்கப் போறோம்" என்போம். தெலுங்குக்காரர்கள் "கட்டி" என்பார்கள். அவர்களுக்குக் கட்டி என்றால் புல். வயலில் நின்று சொன்னால் களை. களைக்கு வேறு சொல் அவர்களிடமும் உண்டு, ஆனால் கூலிக்காரர்களிடம் யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள். பிடுங்க வேண்டிய புல்லுக்கும் வளர்க்க வேண்டிய புல்லுக்கும் எங்கள் வாயில் ஒரே பேர்தான்.

இரண்டு வருஷம் தொடர்ந்து கடலை போச்சு. பண்ணையில் முப்பது மாடு. வெளியிலிருந்து வைக்கோல் வாங்கிப் போட்டும் எலும்பு தெரிந்தது. முதலாளி சித்தூரில் லாரி வைத்திருந்தவர். மாதத்துக்கு ஒரு முறை வருவார். அந்தக் கோடையில் வந்து வெள்ளைச் சட்டையோடு வரப்பில் நின்று சொன்னார்.

"சங்கராந்திக்குள்ள இந்த நிலத்துல மாட்டுக்குத் தீனி நிக்கணும். லேதுன்னா மாடு சந்தைக்கு, நிலம் பிளாட்டுக்கு. அந்தே, அவ்ளோதான்."

மேனேஜர் முனிரத்தினம் சார் தலையை ஆட்டினார். அவர் கால்நடைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று வந்தவர். தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவார். பேச்சு குறைவு. வயலுக்குள் இறங்குமுன் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வார். கோபம் வந்தால் கத்த மாட்டார். மரியாதை கொடுப்பார். எங்களை எப்போதும் நீ, வா, போ என்றுதான் கூப்பிடுவார். என்றைக்காவது "நீங்க" என்று வந்தால் பயப்பட வேண்டும்.

ஒன்பது ஏக்கரிலும் கொழுக்கட்டைப் புல் போடப்போகிறோம், வெட்டிக் காயவைத்துக் கோடைக்குச் சேர்த்து வைக்கப்போகிறோம் என்று அவர் சொன்னதும் ராஜாத்தி கேட்டாள். எங்கள் கூட்டத்தில் வயதில் சின்னவள். வாய் பெரிது.

"புல்லு வந்துட்டா களை எடுக்கத் தாவலையா சார்?"

"புல்லு தரையை மூடிக்கிச்சுன்னா தாவலை, தேவையில்லை."

"அப்ப எங்களுக்கு?"

"வெட்டறதுக்கும் திருப்பறதுக்கும் நாலு பேர் போதும்மா."

ராஜாத்தி எங்கள் பக்கம் திரும்பினாள். "கேட்டுக்கினீங்களா? நாம வளக்கப்போறது நம்ம வேலையத் துன்னற புல்லு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. புல் வராவிட்டால் யாருக்கும் வேலை இல்லை. வந்தால் நாலு பேருக்கு உண்டு. அந்த நாலு பேர் புல்லைத் தெரிந்தவர்களாகத்தான் இருப்பார்கள் என்று அப்போதே மனதில் போட்டுக்கொண்டேன்.

நிலத்தைத் தயார் செய்ததைச் சொல்கிறேன். அவசரப்படுகிறவர்கள் இங்கேதான் கெடுக்கிறார்கள்.

கோடை மழையில் இரண்டு உழவு. கடலைக் காடு என்றால் போன வருஷம் மண்ணுக்குள் தங்கிய கடலையும் முளைக்கும். அதைப் பிடுங்கினோம். ஆடி மழை விழுந்ததும் ஊரெல்லாம் விதைக்க இறங்கியது. சார் விதைக்கவில்லை. களை முளைக்கட்டும் என்றார். முளைத்தது. டிராக்டரில் கத்தி கட்டி மேலாகச் சீவினோம். ஆழமாக உழுதால் அடியில் கிடக்கும் களை விதை மேலே வரும். அடுத்த மழைக்கு மறுபடியும் முளைத்தது. மறுபடியும் சீவினோம். விதை போடாமலே இரண்டு முறை களை எடுத்தாயிற்று.

அந்த இருபது நாளும் எங்களுக்கு நிலைகொள்ளவில்லை. ஈரம் இருக்கும்போது விதைக்காமல் நிற்பது எங்கள் உடம்புக்குப் பழக்கமில்லை. பக்கத்துக் கொல்லைக்காரர்கள் கடலை போட்டுவிட்டு வரப்பில் நின்று கேலி செய்தார்கள்.

"இன்னாமே, மண்ண வளக்கறீங்களா?"

பிறகு மண்ணை இறுக்கினோம். கடலைக்கு மண் பொலபொலவென்று வேண்டும். புல்லுக்கு வேண்டாம். அதன் விதை பஞ்சு மாதிரி. இளகிய மண்ணில் போட்டால் உள்ளே போய்ச் சாகும். கல் உருளையை இழுத்தோம். சார் வெறுங்காலோடு உள்ளே போய்க் குதிகாலை ஊன்றிப் பார்ப்பார். குதிகால் அரை அங்குலத்துக்கு மேல் இறங்கினால், "இன்னொரு வாட்டி" என்பார். நாலு வாட்டி உருட்டினோம்.

விதை ஒரு வருஷம் சாக்கில் கிடந்த பழைய விதை. புதிது முளைக்காது, தூங்கும் என்றார் சார். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும், கையில் எடுத்தால் உதறினாலும் விழாது. ஈர மணலில் பிசைந்து பிரித்தோம். பாதியைக் கிழக்கு மேற்காக நடந்து வீசினோம். மீதியைத் தெற்கு வடக்காக. வீசிய பிறகு வேலமுள் கிளையைக் கயிற்றில் கட்டி இழுத்தால் போதும். விதை மேல் அரை நகம் மண்.

கன்னியம்மாவுக்கு அது வரவில்லை. எங்களில் மிக வேகமான கை அவளுடையது. என்னைவிட ஒரு வயது சின்னவள். சின்ன வயதிலிருந்து ஒன்றாக வேலை செய்கிறோம். கடலை விதைத்த பழக்கத்தில் வீசிக்கொண்டே காலால் மண்ணைத் தள்ளி மூடிக்கொண்டு போனாள். சார் பார்த்துவிட்டார்.

"கன்னியம்மா, விதை போடும்மா. அடக்கம் பண்ணாத."

அன்று முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தார்கள். கன்னியம்மாவும் சிரித்தாள்.

ஒன்பதாம் நாள் வரை ஒன்றும் இல்லை. தினமும் விடிந்ததும் போய்விடுவேன். டீ குடித்த டம்ளரைக் கழுவக்கூட நிற்க மாட்டேன். வரப்பில் முட்டி போட்டுக் கன்னத்தைத் தரையோடு வைத்துப் பார்ப்பேன். பத்தாம் நாள் மயிர் மாதிரி பச்சை தெரிந்தது. கூடவே களையும் முளைத்தது. முளையில் எல்லாப் புல்லும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

நான் தினம் வருவதைப் பார்த்து, ஒரு காலை சார் என்னை வடக்கு மூலைக்குக் கூப்பிட்டார். இரண்டு விரலால் ஒரு முளையைப் பிடித்தார். இலை தண்டோடு சேரும் இடத்தைப் பிரித்துக் காட்டினார். மற்றப் புல்லுக்கு அங்கே மெல்லிய தோல் இருக்கும். நம் புல்லுக்குத் தோல் இல்லை. குட்டையாக வெள்ளை மயிர் வரிசை.

"சந்தேகம்னா வேர்கிட்ட மண்ணைக் கீறு. விதையோட மயிர்ச் சட்டை ஒட்டிக்கிட்டிருக்கும். அது இருந்தா நம்மது. லேதுன்னா களை."

கீறிப் பார்த்தேன். இருந்தது.

"நீ கத்துக்கோ. மத்தவங்களுக்குக் காட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கற்றுக்கொண்டேன். காட்டவில்லை.

களை எடுக்க இறங்கிய அன்று கன்னியம்மா என் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"இன்னாக்கா, இதுல நம்ம புல்லு எது? எனக்கு எல்லாம் ஒண்ணாத் தெரியுது."

"நான் முன்னாடி போறேன். கைய காட்டறத எடு, போதும்."

அப்படியே நடந்தது. நான் முன்னால் போய் விரலை நீட்டுவேன். பன்னிரண்டு பேர் பின்னால் வந்து எடுப்பார்கள். நத்தை வேகம். ஆறு ஏக்கர் முடிந்தது. கீழ்ப்பக்கம் மூன்று ஏக்கர் மிச்சம். என்னைக் கேட்காமல் யாரும் ஒரு இலையைத் தொடவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஆறாவது ஏக்கர் முடிந்த மறுநாள் மாட்டுத் தொட்டி அருகே பாசி வழுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டு முறிந்தது. மகள் வந்து புத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். எலும்பு முறிந்தால் எங்கள் ஜில்லாவில் வேறு எங்கே போவார்கள். கையை இழுத்துச் சேர்த்து, பச்சிலைச் சாறும் முட்டை வெள்ளையும் தடவி, மூங்கில் தப்பை வைத்துத் துணி சுற்றிக் கட்டினார்கள். மறுநாள் கட்டைப் பார்க்க வேண்டும், இருங்கள் என்றார்கள். மகளுடைய மாமியார் வீடு அங்கேயே. இரண்டு ராத்திரி தங்கினேன். வலியை விட, கீழ்ப்பக்கத்தில் களை ஏறிக்கொண்டிருக்குமே என்பதுதான் குடைந்தது. சாப்பிடச் சொன்னால் தட்டோடு எழுந்து நடந்தேன். மகள் திட்டினாள்.

அதே சமயம் முனிரத்தினம் சார் தன் மனைவியின் கண் ஆபரேஷனுக்காகத் திருப்பதியில் இருந்தார். கீழ்ப்பக்கம் களை மண்டிவிட்டது என்று வாட்ச்மேன் அவருக்குப் போன் செய்திருக்கிறார். எனக்குக் கை முறிந்தது தெரிந்ததால் அவர் கன்னியம்மாவுக்குப் போன் போட்டார். நான் எல்லோருக்கும் அடையாளம் காட்டியிருப்பேன் என்று நம்பினார். ஒரே வரிதான் சொன்னாராம்.

"கீழப்பக்கம் கட்டி தீசேயண்டி."

புல்லை எடுத்துவிடுங்கள்.

மூன்றாம் நாள் மதியம் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குப் போகாமல் நேராகப் பண்ணைக் கொல்லைக்குப் போனேன். தூறல் விட்டு விட்டுப் போட்டுக்கொண்டிருந்தது. பன்னிரண்டு பேரும் வரப்பில் வரிசையாக உட்கார்ந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். முகமெல்லாம் சந்தோஷம்.

கன்னியம்மா எழுந்து வந்தாள். "பாருக்கா. நீ இல்லாமயே முடிச்சிட்டோம். ஒரு பொட்டுப் புல்லு இல்ல."

"மூணு ஏக்கரா" என்றாள் ராஜாத்தி. "துப்பட்டி விரிச்சாப்பல கீது. படுத்துத் தூங்கலாம்."

பார்த்தேன். சிவப்பு மண் மட்டும் இருந்தது. அவ்வளவு சுத்தமாகக் களை எடுத்த நிலத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

கையைத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்தேன். திரும்பி வந்தேன். அதற்குள் சிரிப்பு நின்றிருந்தது.

"இன்னாக்கா?"

"நம்ம புல்லும் சேந்து பூடுச்சி."

கன்னியம்மா சொன்னாள். "புல்லு எடுக்கச் சொன்னாங்க, புல்லு எடுத்தோம். வேற இன்னா எடுப்பாங்க?"

"எது நம்மதுன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அவள் என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"கேட்டேன்."

அவ்வளவுதான் சொன்னாள். முந்தானையை உதறிக்கொண்டு போய்விட்டாள்.

பிடுங்கியதெல்லாம் புங்க மரத்தடியில் குவியலாகக் கிடந்தது. எங்கள் ஆட்கள் புல்லை அறுத்து எடுக்க மாட்டார்கள். வேரோடு, அடிமண்ணோடு வரும். கடலையில் கற்ற கை. குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். அடியில் சூடு ஏறத் தொடங்கியிருந்தது. ராஜாத்தியைக் கூப்பிட்டுக் குவியலைப் பரப்பச் சொன்னேன். தொட்டித் தண்ணீர் தெளித்து ஈரச் சாக்கு போட்டோம். எதற்கு என்று எனக்கே தெரியாது. சும்மா நிற்க முடியவில்லை.

மறுநாள் காலை சார் திருப்பதியிலிருந்து வந்தார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார். மூன்று ஏக்கரையும் சுற்றி வர நேரம் ஆயிற்று. பெண்கள் எல்லோரும் நின்றார்கள். வந்து என் முன்னால் நின்றார்.

"நீங்க இவங்களுக்குக் காட்டலையா?"

அந்த "நீங்க" வந்துவிட்டது.

"காட்டல சார்."

"ஏன்?"

காரணம் எனக்குத் தெரியும். பன்னிரண்டு பேர் எதிரில் அது வாயில் வரவில்லை. அவர் இரண்டாம் முறை கேட்கவில்லை. அன்றிலிருந்து அவர் பண்ணையை விட்டுப் போகும் வரை என்னை நீ என்று கூப்பிடவே இல்லை.

குவியலுக்குப் போய்ச் சாக்கைத் தூக்கிப் பார்த்தார். ஒரு செடியை எடுத்து வேரை முகர்ந்தார். "சாகலை" என்றார். "விதை மிச்சம் லேது. இதைத்தான் திருப்பி நடணும். பிரிச்சு எடுங்க. இன்னிக்காவது காட்டுங்க."

காட்டினேன். இடது கையால் ஒரு செடியை உயர்த்திப் பிடித்தேன். இலைக் கணுவில் மயிர் வரிசை, வேரில் விதைச் சட்டை. சொல்லி முடிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அரை நிமிஷ விஷயம் அது.

ராஜாத்தி ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள். "இவ்ளோதானா? சட்டை போட்டுக்கினு வந்தவன் நம்மாளு. அம்மணமா வந்தவன் களை."

ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லோரும். கன்னியம்மா மட்டும் சிரிக்கவில்லை. தலை குனிந்து பிரித்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் ஒன்று எடுக்கும் நேரத்தில் அவள் மூன்று எடுத்தாள்.

மூன்று நாள் பிரித்தோம், நட்டோம். கேழ்வரகு நாற்று நடுகிற மாதிரிதான். இலையின் நுனியை நாலு விரல் கிள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் வேர் பிடிப்பதற்குள் இலை தண்ணீரைக் குடித்துவிடும். குத்துக்கு இரண்டு செடி. ஒரு ஜாண் இடைவெளி. குச்சியால் குழி போட்டுச் செடியை வைத்துக் குதிகாலால் ஒரு மிதி. என்னால் நட முடியவில்லை. கட்டுக் கட்டாக இடுப்பில் சுமந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். கன்னியம்மா என் கையிலிருந்து வாங்க மாட்டாள். கீழே வை என்று கண்ணால் காட்டுவாள். வைத்த பிறகு எடுத்துக்கொள்வாள்.

தூறல் நாலு நாள் தொடர்ந்தது நல்லதாகப் போயிற்று. ஐந்தாம் நாள் வெயில். நட்டதெல்லாம் மஞ்சள் அடித்துப் படுத்துவிட்டது. காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை போய்ப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தின் நடுவில் எழுந்து போனேன். சார் ஒரு நாள் பின்னால் வந்து நின்றார்.

"பாத்துக்கிட்டே இருந்தா வளராது. வீட்டுக்குப் போங்க."

போனேன். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தேன்.

பன்னிரண்டாம் நாள் நடுக்குருத்து பச்சை ஆனது. எல்லாம் பிழைக்கவில்லை. பாதி பிழைத்தது. ஐப்பசி மழையில் அந்தப் பாதி தூர் கட்டி அகன்றது.

தீபாவளி கழிந்து சார் இரும்புக் கம்பியை ஒரு அடிச் சதுரமாக வளைத்து எடுத்து வந்தார். வயலில் நடந்துகொண்டே அதைத் தோளுக்கு மேல் பின்னால் வீசுவார். எங்கே விழுகிறதோ அங்கே சதுரத்துக்குள் எத்தனை தூர் என்று எண்ண வேண்டும். நல்ல இடமாகப் பார்த்து வைத்தால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வோம், அதனால்தான் பின்னால் வீசுவது என்றார். மேல்பக்கம் ஆறு ஏக்கரில் நாலு, ஐந்து. கீழ்ப்பக்கத்தில் இரண்டு, ஒன்று, சில இடத்தில் வெறும் மண். "இரண்டு இருந்தா மூடிக்கும்" என்றார். வெறும் மண்ணில் விழுந்தபோது கம்பியை எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு நடந்தார்.

முதல் வருஷம் மாட்டை உள்ளே விடக் கூடாது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வேர் பிடிக்காத தூரை மாடு இழுத்தால் வேரோடு வந்துவிடும். முதலாளி இரண்டு முறை ஆள் அனுப்பினார், மாடு பசியில் கிடக்கும்போது புல்லை வேடிக்கை பார்க்கிறீர்களா என்று. சார் விடவில்லை. நான் நிலத்து வாசலில் முள் வைத்துக் கட்டினேன்.

மார்கழி தொடக்கத்தில் மழை விட்டது. கதிர் தலைகாட்டும்போது வெட்டினோம். முற்றிய பிறகு வெட்டினால் அது வைக்கோல், தீவனம் இல்லை. தரையிலிருந்து ஒரு கை உயரம் விட்டு வெட்ட வேண்டும். காலையில் பனி உலரும் வரை தொடக் கூடாது. முதல் நாள் பரப்பி விடுவது, இரண்டாம் நாள் திருப்புவது, மூன்றாம் நாள் வரிசையாகக் கூட்டுவது. காய்ந்ததா என்று பார்க்க ஒரு பிடியை இரண்டு கையாலும் முறுக்க வேண்டும். கையில் ஈரம் தெரிந்தால் இன்னும் ஒரு நாள். பட்டென்று ஒடிந்தால் அதிகம் காய்ந்துவிட்டது, இலை உதிரும். முறுக்கும்போது சரசரவென்று சத்தம் வந்து, ஒடியாமல் இருந்தால் அடுக்கிப் போர் போடலாம். என் வலது கை சரியாக முறுக்கவில்லை. கட்டு அவிழ்த்தும் பழைய பிடி வரவில்லை. கன்னியம்மா முறுக்கிப் பார்த்துச் சாரிடம் சொல்வாள். என்னிடம் சொல்ல மாட்டாள்.

சங்கராந்திக்கு மூன்று நாள் முன்பு முதலாளி வந்தார். போரைச் சுற்றி வந்தார். ஒரு பிடியை உருவி முகர்ந்து, கட்டியிருந்த சினை மாட்டின் முன்னால் போட்டார். மாடு ஒரு தரம் மூச்சு விட்டுவிட்டுத் தின்னத் தொடங்கியது. அவர் அது தின்று முடிக்கும் வரை நின்றார். கீழ்ப்பக்கத்து வெறும் இடங்களைக் கையைக் காட்டிக் கேட்டார். "அங்க இன்னா?"

"அடுத்த மழைக்கு மூடிக்கும் சார்" என்றார் முனிரத்தினம் சார். எங்களைக் காட்டிக் கொடுக்கவில்லை.

"சரி, இருக்கட்டும்" என்றார் முதலாளி. கார் போய்விட்டது. மாடுகள் தப்பின.

பொங்கல் முடிந்து சார் என்னைக் கூப்பிட்டார். "நாலு பேர் சொல்லுங்க."

இரண்டு நாள் கேட்டு வாங்கினேன். அந்த இரண்டு நாளும் வீட்டில் அடுப்பு மேல் வைத்தது தீய்ந்தது. கையைப் பார்த்துச் சொல்வதா, வீட்டைப் பார்த்துச் சொல்வதா. அடையாளம் தெரிந்தவர்கள் என்று சொல்ல முடியாது, இப்போது பன்னிரண்டு பேருக்கும் தெரியும். கன்னியம்மா பெயரை முதலில் எழுதினேன். அவளைவிட நல்ல கை இல்லை. இரண்டாவது, மூன்றாவது, வேறு வழியே இல்லாத இரண்டு வீட்டுப் பெண்கள். நாலாவதாக என் பெயரை எழுதினேன். கை பழையபடி இல்லை. மகளுக்கு அப்போது பிரசவம் நெருங்கியிருந்தது. நியாயம் எல்லாம் வரிசையாகத் தயாராக இருந்தது.

சார் காகிதத்தை வாங்கிப் படித்தார். பேனாவை எடுத்து நாலாவது பெயரை அடித்தார்.

"மேஸ்திரி இதுல சேராது. கூலிக்கு நாலு பேர்னு கேட்டேன். நீங்க எப்பவும் இருக்கறவங்கதானே. முதல்லருந்தே அப்படித்தான். இன்னொரு பேர் சொல்லுங்க."

முதலிலிருந்தே.

ராஜாத்தி என்று சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

புங்க மரத்தடியில் எல்லோரும் காத்திருந்தார்கள். நாலு பெயரையும் சொன்னேன். எட்டுப் பேர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். யாரும் சண்டை போடவில்லை. ஒருத்தி மண்வெட்டியைத் துடைத்து மரத்தில் சாய்த்து வைத்தாள். அந்த எட்டுப் பேரில் மூன்று பேர் நாயுடுபேட்டைப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போனார்கள். இரண்டு பேர் வேலூரில் ஷூ கம்பெனிக்கு. மற்றவர்கள் கிடைத்ததற்கு.

கூட்டம் கலைந்த பிறகு கன்னியம்மா நின்றாள். நாலு மாதத்துக்குப் பிறகு என்னிடம் பேசினாள்.

"உம் பேரு எங்கக்கா?"

"எம் பேரு அதுல இல்ல."

அவள் என் வலது கையை, முறிந்த கையை, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நான் உன்னைத் தப்பா நெனச்சிக்கினு இருந்தேங்க்கா" என்றாள். அழுதாள். கன்னியம்மா அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. வாயையும் திறக்கவில்லை.

மறுநாள் நான் வேலைக்கு வந்ததைப் பார்த்து, நான் விலகப் பார்த்ததாகவும் சாரே கெஞ்சி நிறுத்திக்கொண்டதாகவும் அவர்களே ஒரு கதை செய்துகொண்டார்கள். அதையும் நான் மறுக்கவில்லை. பதினான்கு வருஷம் ஒரே தட்டில் சோறு பங்கிட்டுத் தின்றோம். அவளிடம் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை எழுந்து போய்ப் பாதி வழியில் திரும்பியிருக்கிறேன். போன வாரமும் திரும்பினேன்.

கன்னியம்மா எட்டாவது வரை படித்தவள். இதைப் படிப்பாள்.

கன்னியம்மா, நாலாவது பேரு என்னுதுதான். சார்தான் அடித்தார்.